இப்தா செய்த நேர்ச்சை



திருப்பலியில் வாசகம் முடிந்ததும் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். எந்த வாசகமாயினும் கூறுகிறோம். ஆயினும் வாய் கூறிய நன்றியை மனம் கூறத் தயங்குகின்ற வாசகங்கள் சில உள. ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 20ஆம் வாரத்து வியாழக்கிழமைக்கெனத் திருச்சபை குறித்துள்ள முதல் வாசகம் அத்தகையது. நீதித் தலைவர்கள் நூல், 11ஆம் அதிகாரம். போரில் வெற்றி கிட்டினால், தம் வீட்டு வாயிலிலிருந்து தம்மை எதிர்கொள்ள வருவதை எரிபலியாக்குவதாக ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டார் இப்தா. வெற்றியோடு திரும்பிய அவரை எதிர்கொள்ள மேளத்தோடும் ஆடலோடும் வந்தவள் அவருடைய ஒரே மகள்.

2025ஆம் ஆண்டில் இவ்வாசகம் ஆகஸ்டு 21ஆம் நாள் வந்தது. வேளாங்கண்ணியில் கொடியேற எட்டு நாளே இருந்த வேளை. காலைத் திருப்பலிக்கு வந்திருந்தோர் முப்பது பேருக்கு மேல் இரார். நாம் அன்று அரசர் மகனின் திருமண விருந்து உவமையைப் பற்றி மறையுரை கூறி, முதல் வாசகத்தைத் தொடாமலே விட்டுவிட்டோம். கடினமான முதல் வாசகம் வரும்போதெல்லாம் நற்செய்திக்குள் புகுந்துகொள்வது குருக்களுக்குள் பழைய வழக்கம், மறைத்துப் பயனில்லை.

திருப்பலி முடிந்து திருப்பொருள் அறையினின்று வெளிவந்தபோது, நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் படியருகே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கண்கள் சிவந்திருந்தன.

"பெத்த மகள்னு கூடப் பார்க்காம அவர் வாக்கைக் காப்பாத்திட்டாரே, சாமி. நான் பதினாறு வருசமா ஏமாத்திக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"யாரை ஏமாற்றினீர்கள், அம்மா?"

"மாதாவை, சாமி."

நிகழ்ந்தது இதுதான். அவருடைய மகளுக்கு மூன்று வயதாயிருக்கும்போது மூளைக்காய்ச்சல் கண்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்தனர். விடிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என மருத்துவர் கைவிரித்த இரவில், வார்டுக்கு வெளியே வராந்தாவில் முழந்தாளிட்டு, பிள்ளை பிழைத்தால் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அன்னை மரியாவிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தாள். இன்று பத்தொன்பது வயது; கல்லூரியில் வணிகவியல் பயில்கிறாள். மடத்துக்குச் செல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. மகளுக்குச் சிறு காய்ச்சல் கண்டாலும் தாய்க்கு அன்றிரவு உறக்கமில்லை. முந்திய மாதம் அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். அதனை மாதாவின் முதல் எச்சரிக்கை என்றே தாய் எடுத்துக்கொண்டார். அதன்மேல் அன்று காலை இப்தாவின் வாசகம்.

உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. ஞாயிறு மாலை மகளையும் அழைத்துக்கொண்டு வருமாறு சொல்லி அனுப்பிவிட்டு, அறைக்குள் சென்று மறைநூலைத் திறந்தோம்.

இப்தா யார்? கிலயாது நாட்டினர், விலைமகளின் வயிற்றில் பிறந்தவர். தந்தையின் சொத்தில் உனக்குப் பங்கில்லை என்று மாற்றாந்தாயின் மக்கள் அவரைத் துரத்திவிட்டனர். தோபு என்னும் நாட்டில் வீணர் கூட்டத்துக்குத் தலைவராய்த் திரிந்தார். அம்மோனியர் படையெடுத்தபோது, துரத்தியதைத் தடுக்காதிருந்த ஊர்ப் பெரியோர்களே அவர் காலடிக்கு வந்தனர். அவர் உடனே இசையவில்லை. வென்றால் எனக்குத் தலைமை தருவீர்களா என்று பேரம் பேசி, ஆண்டவரைச் சாட்சி வைத்து, மிஸ்பாவில் உறுதி வாங்கிய பின்னரே வாளெடுத்தார். பின்னர் அம்மோனிய மன்னனிடம் தூதனுப்பி, முந்நூறு ஆண்டு வரலாற்றை எடுத்துக்காட்டி வாதாடினார். உடன்பிறந்தோரே கைவிட்ட மனிதர் அவர். எவர் கொடுப்பதையும் அவருடைய மனம் இலவசமாய்ப் பெறத் துணியவில்லை. ஒப்பந்தமின்றி அவருக்கு உறவில்லை. கடைசியில் கடவுளிடமும் ஒப்பந்தம் செய்தார்.

இங்கே நாம் மூன்று முறை வாசித்த பின்னரே நமக்குப் புலப்பட்ட ஒன்றுண்டு. 29ஆம் வசனத்தில் ஆண்டவரின் ஆவி இப்தாவின்மேல் வருகிறது. 30ஆம் வசனத்தில் அவர் நேர்ந்துகொள்கிறார். வரிசையைக் கவனியுங்கள். கொடை முன்னே வந்தது. விலை பின்னே பேசப்பட்டது. விலையை இறைவன் கேட்கவில்லை. அதற்குப் பின் 32ஆம் வசனத்தில் ஆண்டவர் வெற்றி தந்தார் என்றிருப்பதைக் கண்டு, நேர்ச்சையை இறைவன் ஏற்றுக்கொண்டார் என்று பலர் மயங்குகின்றனர். நேர்ச்சைக்கு முன்பே ஆவியைப் பொழிந்தவர் நேர்ச்சையின்றியும் வெற்றி தந்திருப்பார் என்பதே இவ்வரிசை நமக்குக் காட்டுவது. மகளைக் கண்டு இப்தா ஆடைகளைக் கிழித்துக்கொண்ட நேரத்திலிருந்து அதிகாரம் முடியும் மட்டும் இறைவன் ஒரு சொல்லும் பேசவில்லை. கொண்டுவா என்றும் அவர் கூறவில்லை.

ஆடோ மாடோ வரும் என எண்ணித்தானே நேர்ந்தார் என்று சிலர் கேட்பர். அக்காலத்து வீடுகளில் கால்நடைகளும் உடன் அடைக்கப்பட்டதுண்டு. எபிரேய மொழியில் அவர் கூறிய சொல் மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவானதே. ஆயினும் வெற்றி பெற்று வரும் வீரரை ஆடிப்பாடி எதிர்கொள்வது இஸ்ரயேல் பெண்களின் வழக்கம் என்பது விடுதலைப் பயண நூலிலேயே மிரியாம் வாயிலாக நமக்குத் தெரிகிறது. அது இப்தாவுக்குத் தெரியாதா? முந்நூறு ஆண்டு வரலாற்றைத் தூதர் வாயிலாக ஒப்பித்தவருக்கு, புதல்வரையும் புதல்வியரையும் நெருப்பில் இடுவதை ஆண்டவர் அருவருக்கிறார் என்னும் இணைச்சட்டம் 12ஆம் அதிகாரம் தெரியாமற் போயிற்றே! பின்னாளில் எரேமியா இறைவாக்கினர், பிள்ளைகளை எரிப்பதைத் தாம் கட்டளையிடவில்லை, அது தம் எண்ணத்திலும் தோன்றவில்லை என இறைவன் உரைத்ததாக எழுதிவைத்தார்.

ஆயினும் எபிரேயருக்கு எழுதிய திருமுகம் 11ஆம் அதிகாரத்தில் விசுவாச வீரர் வரிசையில் இப்தாவின் பெயர் உள்ளதே என்பர். உள்ளது. அடுத்தே சிம்சோன், தாவீது ஆகியோர் பெயர்களும் உள்ளன. அவர்கள் செய்ததெல்லாம் சரியென்று எவரும் கூறுவதில்லை.

திருச்சபைத் தந்தையர் இப்பகுதியில் இடறாமல் சென்றதில்லை. புனித யோவான் கிறிசோஸ்தோம் 387ஆம் ஆண்டில் அந்தியோக்கியாவில் ஆணையிடுதலைக் கண்டித்து ஆற்றிய மறையுரைகளுள் ஒன்றில், பின்வருவோர் இவ்வாறு வாய்க்கு வந்தபடி நேராதிருக்கவே இறைவன் இதனை ஒருமுறை அனுமதித்தார் என்று விளக்குகிறார். அவர்பால் நமக்குள்ள பெருமதிப்புக் குன்றாமலே கூறுகிறோம்: இவ்விளக்கம் நமக்கு நிறைவு தரவில்லை. அந்த மகளின் இடத்தில் நின்று பார்த்தால் எவருக்கும் தராது. புனித அம்புரோசியாரோ, சில வாக்குகளைக் காப்பாற்றுவதைவிடக் காப்பாற்றாதிருப்பதே கடமை என இப்தாவைச் சுட்டியே எழுதினார். புனித எரோணிமுஸ் கூறியதாகப் புனித தோமாஸ் அக்குவினாஸ் எடுத்தாளும் தீர்ப்பு இன்னும் கடுமையானது: நேர்ந்ததில் இப்தா அறிவிலி, நிறைவேற்றியதில் இறைப்பற்றிலி. இப்தாவின் பின் ஒளிந்துகொள்ள விரும்பும் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்வாராக. வாக்கைக் காத்தார் என்று அத்தாய் வியந்தாரே, அக்காத்தலையே மறைவல்லுநர்கள் இரண்டாவது குற்றம் என்கின்றனர்.

யூத அறிஞர் சிலர், அவள் கொல்லப்படவில்லை, மணமின்றி ஒரு வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தாள் என்று பொருள்கொண்டனர். 1752ஆம் ஆண்டு இலண்டனில் அரங்கேறிய ஹாண்டெல் என்பாரின் இசைநாடகத்தில் வானதூதர் ஒருவர் வந்து அவளைக் காப்பாற்றிவிடுகிறார். இரக்கமுள்ளோர் அனைவரும் இம்முடிவை மாற்றவே விரும்பியுள்ளனர். மறைநூல் மாற்றவில்லை. ஈசாக்கின்மேல் ஓங்கிய கத்தியைத் தடுத்த வானதூதர் மிஸ்பாவுக்கு வரவில்லை.

வானதூதர் வாராவிடினும் மனிதர் வந்திருக்கலாம். மலைகளில் தோழியரோடு சுற்றித் தன் கன்னிமையை எண்ணி அழ அவள் இரண்டு மாதத் தவணை கேட்டாள். அறுபது நாள்! அந்த அறுபது நாளில், தோபு நாட்டுக்கு ஓடோடி வந்து இப்தாவை அழைத்த பெரியோர் எங்கே? சாமுவேல் முதல் நூல் 14ஆம் அதிகாரத்தையும் உடன் வைத்துப் படியுங்கள். போர் நாளில் மாலைவரை உண்பவர் சபிக்கப்படுக என்று மன்னர் சவுல் ஆணையிட்டார். அதை அறியாத மகன் யோனத்தான் கோல் நுனியில் தேனைத் தொட்டு உண்டுவிட்டார். மகனேயாயினும் சாகவேண்டும் என்று சவுல் நின்றபோது, படைவீரர்கள் குறுக்கே வந்தனர்; அவர் தலைமுடி ஒன்றுகூடத் தரையில் விழாது என்று மன்னருக்கு எதிரே உறுதிகூறி யோனத்தானை மீட்டனர். மன்னரின் ஆணை அன்று நிறைவேறவில்லை. அதனால் வானம் இடிந்து விழவுமில்லை. யோனத்தானுக்குக் கிடைத்த ஊரார் இப்தாவின் மகளுக்குக் கிடைக்கவில்லை. நாடறிந்த வீரனுக்காகப் பேச ஆளிருந்தது. பெயரும் எழுதப்படாத பெண்ணுக்காகப் பேச ஆளில்லை.

தொடக்க நூலுக்கு யூத ரபிமார் எழுதிய பழைய விரிவுரையில் இதுபற்றி ஒரு கதை உண்டு. வரலாறன்று; ஆயினும் குருக்களாகிய எம்மைச் சுடும் கதை. நேர்ந்துவிட்ட ஆளை வெள்ளி கொடுத்து மீட்க லேவியர் நூல் 27ஆம் அதிகாரம் வழிசெய்கிறது. இருபது வயதுக்கு உட்பட்ட பெண்ணாயின் பத்துச் செக்கேல், மேற்பட்டவளாயின் முப்பது. இவ்விடத்தில் அதுவும் செலுத்தத் தேவையில்லை என வாதிட்ட ரபியும் உண்டு. எவ்வாறாயினும் தலைமைக் குரு பினகாசு ஒரு சொல் சொன்னால் நேர்ச்சை அவிழ்ந்திருக்கும். ஆனால் இப்தா, நாட்டின் தலைவனாகிய நான் அவரிடம் போவதா என்றிருந்தார். பினகாசோ, தலைமைக் குருவாகிய நான் கல்லாத ஒருவனிடம் போவதா என்றிருந்தார். இருவர் செருக்குக்கும் இடையே பெண் மடிந்தாள். இரத்தப்பழி இருவர்மேலும் விழுந்தது. பினகாசை விட்டு ஆவியானவர் அகன்றார்.

இதைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்த ஒன்றை எழுதாமல் விடுவது முறையன்று.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் புதிதாய்ப் பொறுப்பேற்றிருந்தோம். திருவிழாத் தேர்பவனிக்கு முந்திய மாலை. உபயதாரர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தந்தை வந்தார். மகனைக் குருமடத்துக்கு நேர்ந்திருப்பதாகவும், பையன் மறுப்பதாகவும், என்ன செய்வது என்றும் கேட்டார். நாம் பட்டியலிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "நேர்ந்ததைக் கொடுத்துவிடுங்கள், ஐயா. மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றோம். அரை நிமிடம்கூட ஆகியிராது. பையன் குருமடத்துக்கு அனுப்பப்பட்டான். மூன்றாம் ஆண்டில் வெளியேறினான். வீட்டுக்குப் போகவில்லை, நேர்ந்த பிள்ளை திரும்பி வந்தால் வீட்டுக்குத் தீங்கு வரும் என்று தந்தை அஞ்சியிருந்தார் போலும். எங்கோ ஒரு நகரத்தில் வேலை செய்து பிழைத்தான். பல ஆண்டுகள் கழித்துத் தந்தையின் அடக்கத் திருப்பலிக்கு வந்தவன் கோவிலுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். நாம் சென்று பேசினோம். மரியாதையாகவே விடை கூறினான். நாம் அன்று சொன்ன அரை நிமிட விடையை அவன் அறிந்திருந்தானா என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே, அந்தத் தாயிடம் ஞாயிறு மாலை கூறவேண்டியதைத் திருச்சபைச் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டே ஆயத்தம் செய்தோம். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1191ஆம் எண், நேர்ச்சை என்பது இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, ஆய்ந்து, தன் விருப்பத்தோடு கடவுளுக்குத் தரும் வாக்குறுதி என்று வரையறுக்கிறது. 1193ஆம் எண் ஒரே வரியில் முடிகிறது: நேர்ச்சை, நேர்ந்துகொண்டவரை மட்டுமே கட்டும். தாய் நேர்ந்தது மகளைக் கட்டாது. 1196ஆம் எண், தக்க காரணமிருந்தால், பிறர் உரிமைக்குப் பழுதின்றி, தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தைப் பங்குக் குருவுக்கும் தருகிறது. உரோமைக்கு எழுத வேண்டியதில்லை. ஆயரில்லத்துக்கும் போக வேண்டியதில்லை. கோவிலை ஒட்டிய பங்கு இல்லத்துக்கு வந்தால் போதும். அடுத்த எண்ணோ, நேர்ந்த செயலுக்கு ஈடான அல்லது மேலான நற்செயலாக நேர்ந்தவரே அதனை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. அச்சுறுத்தலாலோ வற்புறுத்தலாலோ துறவற இல்லத்தில் நுழைபவரின் நவகன்னியர் சேர்க்கையே செல்லாது என்பதும் சட்டமே. பினகாசு போகாத வழியைத் திருச்சபை இத்தனை அண்மையில் திறந்துவைத்திருக்க, நம் குடும்பங்களில் எத்தனையோ தாய்மார் பல்லாண்டுகளாய் நெஞ்சில் கல்லைச் சுமப்பது யாருடைய குறை? பெரும்பாலும் எங்களுடையதே.

ஞாயிறு மாலை தாயும் மகளும் வந்தனர். தாய் நாம் எதிர்பார்த்த வினாவையே முதலில் கேட்டார். "அன்னா சாமுவேலை நேர்ந்து கோவில்ல விடலையா, சாமி?"

நல்ல வினா. அன்னா நேர்ந்தார், பால்மறந்த பிள்ளையைச் சீலோவில் ஏலியிடம் விட்டார், ஆண்டுதோறும் சிறு அங்கி ஒன்று தைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. சாமுவேல் முதல் நூல் 3ஆம் அதிகாரத்தில், கோவிலிலேயே வளர்ந்த அப்பிள்ளை ஆண்டவரை இன்னும் அறியவில்லை என்று எழுதியிருக்கிறது. இரவில் அழைப்பு வந்தது. ஏலி அழைக்கிறார் என எண்ணி மும்முறை எழுந்தோடினான். நான்காம் முறை தன் வாயால் விடை கூறினான். தாயின் நேர்ச்சை அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளேயிருந்து அழைத்தவர் ஆண்டவர். விடை கூறியவன் சாமுவேல். அந்த விடையை அன்னா அவனுக்காகக் கூறியிருக்க முடியாது. ஆண்டவரும் அவரிடம் கேட்கவில்லை.

இயேசு கொர்பானைப் பற்றிக் கூறியதையும் சொன்னோம். தாய் தந்தைக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று கூறிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை அவர் மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். பெற்றோருக்கு உரியதைப் பிள்ளை நேர்தல் ஆகாதெனின், பிள்ளைக்கு உரியதைப் பெற்றோர் நேர்தலும் ஆகாது.

தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மாதா கோவிச்சுக்கமாட்டாங்களா?" என்றார். மகளைக் காப்பாற்றியவர், காப்பாற்றியதற்கு வாடகை கேட்பவரா என்று நாம் திருப்பிக் கேட்டோம். அதற்கு அவர் விடை கூறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதினாறு ஆண்டு அச்சம் ஒரு மாலைப் பொழுதில் போய்விடும் என நாம் எண்ணவில்லை. சட்டப்படி நேர்ச்சையிலிருந்து விடுவித்து, அவர் ஒன்றும் செய்யாமல் போக மனமில்லை என்று கூறியதால், அதற்கு ஈடாக ஏதேனும் செய்யலாம் என்றோம். எதைச் செய்வது என்பதை அவரே தேர்ந்தார். ஓராண்டுக்கு வெள்ளிதோறும் அதே அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில், இரவு தங்கும் தாய்மாருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். அந்த வராந்தாவில் இரவு எத்துணை நீளமானது என்பதை அவர் அறிவார்.

மகள் அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. தன்னைப் பற்றித் தன் முன்னிலையில் பிறர் பேசுவதைக் கேட்டுப் பழகிய பெண் எனத் தோன்றியது. அவளிடம், கேட்க எதுவும் உண்டா என்றோம். மடத்தைப் பற்றியோ திருமணத்தைப் பற்றியோ கேட்பாள் என எண்ணினோம்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன, ஃபாதர்?" என்றாள்.

மறைநூலில் எழுதப்படவில்லை என்றோம். ஆண்டுதோறும் நான்கு நாள் இஸ்ரயேல் மகளிர் ஒன்றுகூடி அவளுக்காகப் புலம்பினர் என்று மட்டும் அதிகாரத்தின் கடைசி வரியில் உள்ளதைப் படித்துக் காட்டினோம். அவள் புத்தகத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு இருவரும் புறப்பட்டனர். ஸ்கூட்டரை மகளே ஓட்டினாள்.

கனி கொடுக்கும் பருவமல்லாத காலத்தில் அத்திமரத்தை ஆண்டவர் ஏன் சபித்தார் என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியுள்ளார். அது அடுத்த திங்களில்.